ஹலோ டைமரைக் குறைப்பதா, பிஎஃப்டியை இயக்குவதா?

இரண்டு ஸ்விட்ச்களுக்கு நடுவே வேறெந்தக் கருவியும் இல்லாமல் ஃபைபர் நேராகச் செல்லுமானால், அது அறுந்த உடனேயே இரு முனைகளிலும் போர்ட் கீழே விழுந்துவிடும் (செயலிழந்துவிடும்). அந்தச் செய்தியை, பாக்கெட்டுகளின் வழியைத் தீர்மானிக்கும் ரவுட்டிங் நெறிமுறைக்குத் தெரிவிக்கத் தனி ஏற்பாடு எதுவும் தேவையில்லை. நடுவில் ஒரு லேயர் 2 ஸ்விட்ச்சோ, மீடியா கன்வெர்ட்டரோ, சேவை நிறுவனத்தின் சர்க்யூட்டோ இருக்கும்போதுதான் சிக்கல். அப்பால் எங்கோ கேபிள் அறுந்தாலும் நம் பக்கத்து போர்ட்டின் விளக்கு பச்சையாகவே எரியும். அனுப்பும் பாக்கெட்டுகள் மட்டும் போய்ச் சேராது.

அந்நிலையில் ஓஎஸ்பிஎஃப் என்ற ரவுட்டிங் நெறிமுறை, 'உயிரோடு இருக்கிறேன்' என்று அண்டை ஸ்விட்ச்சுக்குத் தெரிவிக்கும் தன் ஹலோ செய்தியையே நம்பியிருக்கிறது. ஈத்தர்நெட்டில் ஹலோ 10 நொடிக்கு ஒருமுறை, ஹலோ வராவிட்டால் அண்டை ஸ்விட்ச் இறந்ததாகக் கொள்ளும் டெட் டைமர் 40 நொடி என்பது வழக்கமான இயல்பு அமைப்பு. முழுக் கொள்ளளவில் ஓடும் 10 ஜிகாபிட் இணைப்பில் 40 நொடி என்பது சுமார் 50 ஜிகாபைட் தரவு. பல ஸ்விட்ச்களில், பிஜிபி என்ற மற்றொரு ரவுட்டிங் நெறிமுறையில் இதற்கு இணையான ஹோல்டு டைமர் 180 நொடியாக இருப்பதால், அங்கே நிலைமை இன்னும் மோசம்.

பழுதை விரைவில் உணர முதல் வழி, இந்த டைமர்களைக் குறைப்பது. எந்தப் பழைய கருவியிலும் இதைச் செய்யலாம். புதிய நெறிமுறை எதுவும் வேண்டியதில்லை. சில தயாரிப்புகளில், ஒரே நொடிக்குள் பல ஹலோக்களை அனுப்பி டெட் டைமரை 1 நொடியாக்கும் வசதியும் உண்டு. ஆனால் ஓஎஸ்பிஎஃப் டைமர்கள் இரு முனைகளிலும் பொருந்தாவிட்டால் நெய்பர் (அண்டை ஸ்விட்ச்) உறவே உருவாகாது. பிஜிபியிலோ ஹோல்டு டைமரை (பூச்சியமாக்கி அணைத்துவிடுவது தவிர) 3 நொடிக்குக் கீழே இறக்க முடியாது. இவற்றைவிடப் பெரிய குறை, ஒவ்வொரு ஹலோவையும் பொதுவாக ஸ்விட்ச்சின் மைய சிபியுதான் கையாள்கிறது என்பது. பெரிய டோபாலஜி (வலையமைப்பின் வடிவ) மாற்றம் ஒன்றைக் கணக்கிடுவதில் அது மூழ்கியிருக்கும்போது ஹலோக்கள் தாமதமாகின்றன. நலமாக இருக்கும் நெய்பர்களும் விழுகின்றன. அதனால் மறுபடியும் கணக்கீடு, மறுபடியும் தாமதம்.

இரண்டாவது வழி பிஎஃப்டி (Bidirectional Forwarding Detection). 2010-இல் ஆர்எஃப்சி 5880 என்ற இணையத் தர ஆவணமாக வெளிவந்த இந்த நெறிமுறை, இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்ற ஒரே கேள்வியை மட்டும் கேட்கிறது. அதன் அடிப்படைக் கட்டுப்பாட்டுச் செய்தி 24 பைட்தான். நேரடி நெய்பர்களுக்கிடையே யுடிபி 3784 போர்ட்டுக்குச் செல்கிறது. ஒரே செஷன் ஓஎஸ்பிஎஃப், பிஜிபி, கையால் எழுதிய ஸ்டாட்டிக் ரவுட் எல்லாவற்றுக்கும் பயன்படுவதால், ஒவ்வொன்றின் டைமரையும் தனித்தனியே முறுக்க வேண்டியதில்லை.

டைமர் பொருத்தம் இங்கே வேறு விதமாக நடக்கிறது. இடது ஸ்விட்ச் 100 மில்லிநொடிக்கு ஒன்று அனுப்பவும் 300-க்கு ஒன்று பெறவும் தயார், பெருக்கி (எத்தனை செய்திகள் தொடர்ந்து வராவிட்டால் பழுது என்ற எண்) 3 என்று கொள்வோம். வலது ஸ்விட்ச் இரண்டுக்கும் 50, பெருக்கி 5. இடது பக்கம் 300-க்கு மேல் வேகமாகப் பெறாது என்பதால் வலது ஸ்விட்ச் 300-க்கு ஒன்றுதான் அனுப்பும். அனுப்புபவரின் பெருக்கியே கணக்கில் வருவதால் இடது பக்கம் பழுதை உணர 5 × 300, அதாவது 1500 மில்லிநொடி ஆகும். வலது பக்கமோ 3 × 100 என்ற கணக்கில் 300-லேயே உணர்ந்துவிடும். 50 என்று எழுதிவிட்டதால் 50 கிடைத்துவிட்டது என்று எண்ணாமல், ஒப்புக்கொள்ளப்பட்ட மதிப்பை செஷன் விவரத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிஎஃப்டியை வன்பொருளே கையாளும் ஸ்விட்ச்களில் 50 மில்லிநொடி × பெருக்கி 3 நியாயமான அமைப்பு. சிபியுவில் ஓடும் ஸ்விட்ச்சில் அதே எண்ணைப் போடுவது, ஹலோவைக் குறைத்து வாங்கிய வம்பையே விலை கொடுத்து மறுபடி வாங்குவது போன்றது. அங்கே 300 × 3 போதும். அப்போது கிடைக்கும் 900 மில்லிநொடி, ஒரு நொடி டெட் டைமரைவிட அதிகம் வேகமானதல்ல என்பது உண்மைதான். ஆனாலும் பிஜிபியும் அதே வேகத்தில் விழும் என்பதற்காகவே நான் பிஎஃப்டியைத் தேர்வேன்.

பிஎஃப்டியின் எக்கோ முறையில் நாம் அனுப்பிய பாக்கெட்டையே மறுமுனை திருப்பி அனுப்புகிறது. அதன் சிபியுவுக்குச் சுமை இல்லை. ஆனால் மூல முகவரியைச் சரிபார்க்கும் யூஆர்பிஎஃப் இயங்கும் போர்ட்டில் அந்த பாக்கெட் தள்ளுபடியாகக்கூடும்.

பல கேபிள்களை ஒன்றாகக் கட்டிய லேக் இணைப்பில் சாதாரண பிஎஃப்டி ஏமாற்றிவிடும். அதன் பாக்கெட்டுகள் பெரும்பாலும், கேபிளைத் தேர்ந்தெடுக்கும் ஹாஷ் கணக்கின்படி ஒரே கேபிளில் செல்வதால், மற்றொன்றின் பழுது தெரியாது. ஒவ்வொரு கேபிளுக்கும் தனிச் செஷன் வைக்கும் மைக்ரோ பிஎஃப்டி (ஆர்எஃப்சி 7130) இதற்குத் தீர்வு; அது இல்லாத ஸ்விட்ச்சில், கட்டிய கேபிள்களை நிர்வகிக்கும் எல்ஏசிபி நெறிமுறையை வேக முறைக்கு மாற்றினால் 3 நொடியில் பழுதான கேபிள் கழற்றப்படும்.

பல அமைப்புகளில் முதலில் ஓஎஸ்பிஎஃப் உறவு ஏற்பட்ட பிறகே பிஎஃப்டி செஷன் தொடங்குகிறது. வழியிலுள்ள ஏசிஎல் (பாக்கெட்டுகளை வடிகட்டும் விதிப்பட்டியல்) 3784 போர்ட்டைத் தடுத்தால் செஷன் ஒருபோதும் எழாது. ரவுட்டிங் மட்டும் வழக்கம்போல் நடந்துகொண்டிருக்கும். ஆகவே, நெய்பர் பட்டியலோடு பிஎஃப்டி பட்டியலையும் பார்த்து, இரண்டிலும் ஒரே எண்ணிக்கை இருப்பதை உறுதி செய்த பிறகே, நடுவிலுள்ள கருவியின் அப்பாலுள்ள கேபிளைக் கழற்றிச் சோதிக்க வேண்டும்.