பாயின்ட்டா, லெட்டா, அப்படியே ஆடுவதா? டென்னிஸில் இடையூறு விதி

அம்பயர் இல்லாத ஆட்டத்தில் எதிராளி கத்தினாலும் சரி, தொப்பி பறந்தாலும் சரி, பக்கத்துக் கோர்ட்டுப் பந்து உருண்டு வந்தாலும் சரி, முக்கால்வாசிப் பேர் சொல்வது "லெட் வச்சுக்கலாம்", அதாவது பாயின்ட்டை மறுபடி ஆடலாம் என்பதுதான். சண்டை வராது, பெருந்தன்மையாகவும் தெரியும். ஆனால் பல நேரம் அது பாயின்ட்டை ஜெயிக்க வேண்டியவருக்கு அநியாயம்.

சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் 26-ஆவது விதி இதைத் தெளிவாகப் பிரிக்கிறது. எதிராளி வேண்டுமென்றே செய்த செயல் இடையூறாக இருந்தால் பாயின்ட் உங்களுக்கு. அவர் அறியாமல் நடந்தது என்றாலோ, வெளியிலிருந்து வந்த தொந்தரவு என்றாலோ மறுபடி ஆட வேண்டும். ஆடும்போது பந்து பறவைமேல் பட்டால்கூட மறு ஆட்டம்தான். இரண்டிலும் சேராதது இடையூறே இல்லை, ஆட்டம் தொடரும்.

குழப்பமே அந்த "வேண்டுமென்றே"வில்தான். கெட்ட எண்ணம் இருந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை, அந்தச் செயல் அவர் கட்டுப்பாட்டில் இருந்ததா என்பதுதான் கேள்வி. டபுள்ஸில் எதிரணியில் ஒருவர் குட்டையாக லாப் போட்டுவிட்டு (பந்தை உயரத் தூக்கி அடித்துவிட்டு), நீங்கள் ஸ்மாஷ் அடிக்க ராக்கெட்டைத் தூக்கும் நொடியில் பார்ட்னரைப் பார்த்து "பின்னாடி போ!" என்று அலறுகிறார். உங்களைக் குழப்ப அவர் நினைக்கவில்லை, ஆனால் கத்தியது அவரே விரும்பிச் செய்தது, அதனால் பாயின்ட் உங்களுடையது. இங்கே லெட் கொடுத்தால், கிட்டத்தட்டத் தோற்றுப்போன பாயின்ட்டில் கத்தியவருக்கே இன்னொரு வாய்ப்பு கிடைக்கிறது. குளவி கொட்டி அலறினால் கதை வேறு, அதற்கு லெட்தான் சரி. பந்து தங்கள் பக்கம் வரும்போது "விடு, என்னோடது" என்று பார்ட்னர்கள் பேசிக்கொள்வதில் தப்பே இல்லை.

2011 அமெரிக்க ஓப்பன் இறுதி ஆட்டம் பலருக்கு நினைவிருக்கும். செரீனா வில்லியம்ஸ் ஒரு ஃபோர்ஹேண்ட் அடித்துவிட்டு, அது வின்னர்தான், எதிராளியால் தொடவே முடியாது என்ற உற்சாகத்தில் "கம் ஆன்" என்று கத்தினார், ஆனால் சமந்தா ஸ்டோசர் ஓடி வந்து பந்தில் ராக்கெட்டை வைத்துவிட்டார். அம்பயர் ஈவா அஸ்டெராகி பாயின்ட்டை ஸ்டோசருக்குக் கொடுத்தார். யாரையும் ஏமாற்றும் எண்ணம் செரீனாவுக்கு இல்லை, ஆனாலும் என் பார்வையில் தீர்ப்பு சரிதான்.

பாக்கெட்டிலிருந்து பந்து விழுவது, தொப்பி கழன்றுவிடுவது எல்லாம் லெட் வகை. ஆனால் அதைக் கேட்கும் உரிமை எதிராளிக்குத்தான், தன் தொப்பி விழுந்ததைக் காட்டித் தானே லெட் கேட்க முடியாது. அப்புறம், பாயின்ட் தொடங்கும்போதே உங்கள் பக்கம் கிடந்த பந்து இடறினால் அது இடையூறு ஆகாது. முன்னாலேயே எடுத்துப் போட்டிருக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. சர்வ் போடும்போது எதிராளி இடம் மாறி நிற்பதும் செல்லும். குழப்புவதற்காகவே காலைத் தரையில் உதைப்பது, ராக்கெட்டை ஆட்டுவது எல்லாம் செல்லாது.

எதைக் கேட்பதாக இருந்தாலும் உடனே நிறுத்திக் கேளுங்கள். அடித்துப் பார்த்து, வலையில் மாட்டியதும் "நீங்க கத்துனீங்களே" என்று ஆரம்பிப்பதை நான் ஏற்கவே மாட்டேன். உள்ளே போனால் பாயின்ட், வெளியே போனால் லெட் என்று இரண்டு வாய்ப்பு யாருக்கும் கிடையாது. எதிராளிக்குத்தான் இடையூறு என்று நீங்களாக நினைத்து ஆட்டத்தை நிறுத்தினாலும் பாயின்ட் போய்விடும்.

அடிக்கடி வரும் இன்னொரு தகராறு, "அவுட்" என்று சொல்லிவிட்டு "இல்லை, உள்ளேதான்" என்று மாற்றுவது. அம்பயர் இல்லாத ஆட்டத்துக்கான சர்வதேசக் கூட்டமைப்பின் நடைமுறைப்படி முதல் தடவை மறுபடி ஆடலாம், ஆனால் அது ஜெயிக்கிற ஷாட்டாக இருந்தாலோ, முன்பே ஒருமுறை அப்படித் தப்பாகச் சொல்லியிருந்தாலோ சொன்னவர் பாயின்ட்டை இழப்பார். அமெரிக்க டென்னிஸ் சங்கத்தின் நடத்தை நெறியில் இந்தச் சலுகையே இல்லை, முதல் தடவையே பாயின்ட் எதிராளிக்கு. நட்பாக ஆடும்போது எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், ஏனென்றால் சந்தேகம் இருக்கும்போது வாயைத் திறக்கும் பழக்கம் அதில் சீக்கிரம் போய்விடுகிறது. எதைப் பின்பற்றப் போகிறீர்கள் என்பதை மட்டும் முதல் சர்வுக்கு முன்பே பேசிவிடுங்கள்.