புதுக் கடல்நீர்த் தொட்டியில் பழுப்புப் பாசி: தண்ணீர் மாற்றுவதா, இருட்டடிப்பதா, உரம் போடுவதா?

மணல் பழுப்பானதும் பலரும் செய்வது பாதித் தண்ணீரை மாற்றுவது. அது டயாட்டமாக (சிலிக்கா ஓடுள்ள நுண்பாசி) இருந்தால் பாதகமில்லை. டைனோவாக (டைனோபிளாஜெல்லேட் எனும் ஒருசெல் உயிரி) இருந்தால் அதுவே தீனி. நிறம் ஒன்றுதான், வைத்தியம் நேர் எதிர்.

டயாட்டம் மாவு தூவினாற்போல் படியும், விரலால் தேய்த்தால் பறக்கும். டைனோ சளிபோல் நூல்நூலாகத் தொங்கும், நுனியில் காற்றுக்குமிழி இருக்கும், இரவில் குறைந்து மதியத்தில் பெருகும். சந்தேகமா? கொஞ்சம் எடுத்துத் தொட்டித் தண்ணீரோடு பாட்டிலில் போட்டுக் குலுக்கி, டிஷ்யூ பேப்பரில் வடிகட்டி (காபி பில்டரின் ஓட்டை இதற்குப் பெரிது), வடிந்த நீரை ஒரு மணிநேரம் விளக்கடியில் வையுங்கள். மறுபடி நூலாகத் திரண்டால் டைனோ.

டயாட்டத்துக்கு வேர் சிலிக்கேட், அது ஓடு கட்டும் சிலிக்கா உப்பு. செட்டிநாட்டுக் கோடையில் 100 லிட்டர் தொட்டியில் நாளைக்கு ஒன்றிரண்டு லிட்டர் ஆவியாகும். அதைப் போர் தண்ணீரால் ஈடுகட்டினால் சிலிக்கேட் நாள்தோறும் சேரும். சமையலறை ஆர்ஓவும் போதாது. அதில் சுவைக்காக உப்பு கலந்துவிடுகிறது. ஆர்ஓவுக்குப் பின் டிஐ ரெசின் (மிச்ச உப்பையும் பிடிக்கும் வடிகட்டி) வைத்து டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு) 0 வர வேண்டும். ரெசின் தீரும்போது சிலிக்கேட்தான் முதலில் நழுவும், மீட்டர் அப்போதும் 0 காட்டலாம். நல்ல தண்ணீர் ஊற்றினால் சில வாரங்களில் தானே அடங்கும், நத்தைகளும் மேயும். செட்டிநாட்டுக்குத் தொண்டிக் கடல்நீர் பக்கம்தான், ஆனால் அங்கே பாக் விரிகுடாக் கரை ஆழமற்றது, கலங்கல். பாஸ்பேட் அளக்காமல் ஊற்றாதீர்கள்.

டைனோ பெரும்பாலும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் 0 ஆன தொட்டியில்தான் தலைதூக்கும். தண்ணீர் மாற்றத்தை நிறுத்துங்கள். நைட்ரேட் 5 முதல் 10, பாஸ்பேட் 0.05 முதல் 0.1 பிபிஎம் வரை உரம் போட்டு ஏற்றி வாரக்கணக்கில் பிடித்துவையுங்கள். 3 நாள் இருட்டடிப்பு தனியாக உதவாது, விளக்கு எரிந்ததும் திரும்பிவரும். இரவில் நீரில் மிதக்கும் ஆஸ்ட்ரியாப்சிஸ் வகைக்கு யூவி விளக்கு நன்றாக வேலை செய்யும். மணலை விட்டு நகராத ஆம்பிடினியம் என்ற டைனோ வகைக்குச் செய்யாது. நத்தை விடாதீர்கள், சில டைனோ வகைகள் விஷம்.

சிவந்த ஜமுக்காளம்போல் உரிந்து வந்தால் அது சயனோ (சயனோபாக்டீரியா), பாசியே அல்ல, பாக்டீரியா. இருட்டடிப்பு இதற்குத்தான் ஏற்றது: முதலில் குழாயால் உறிஞ்சி எடுத்து, 3 நாள் முழுக்க மூடி, பின் 25 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள். செத்தது அழுகி ஆக்சிஜன் குறையும். கரண்ட் போனால் பேட்டரி ஏர்பம்ப் வேண்டும். தேங்கிய மூலைக்கு நீரோட்டத்தையும் திருப்புங்கள். எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் வேகமாகக் கேட்கும், ஆனால் புதுத் தொட்டியில் நல்ல பாக்டீரியாவையும் அடித்து அம்மோனியா ஏற்றலாம். கடைசி வழி.

பச்சை முடிப்பாசிக்கு முற்றத்து வெயில் கண்ணாடியில் படாமல் தொட்டியை நகர்த்துங்கள், கையால் பிடுங்குங்கள். டெஸ்ட் கிட்டில் பாஸ்பேட் 0 என்றால் நம்பாதீர்கள், பாசி குடித்திருக்கும். ஜிஎப்ஓ (பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடுத் துகள்) போட்டால் பாக்கெட்டில் சொன்னதில் பாதி போடுங்கள், இரண்டு நாளுக்கொருமுறை பாஸ்பேட்டை அளந்து பாருங்கள். பிடுங்கிய பிறகு பாஸ்பேட் 0.05க்குக் கீழே போனதும் ஜிஎப்ஓவை எடுத்துவிடுங்கள். விட்டால் அடுத்து வருவது டைனோ.