குமுளிக் கடை ரூட்டர்: நான்கு வருடமும் ஒரு தீராத எரிச்சலும்

கம்பத்தில் உரக்கடை வைத்திருக்கும் நண்பன் போன வாரம் கேட்டான், "மாப்ள, உன் கடையில இருக்கிற ரூட்டர் இப்ப விலை இறங்கியிருக்கு, வாங்கலாமா?" ஐப்பசி இடியில் என்னுடையது கருகிப்போய், அதே மாடலை மறுபடி வாங்கிப் பத்து நாள்தான் ஆகிறது. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதிவிடுகிறேன்.

கீழே ஏலக்காய்க் கடை, மேலே 12 அறை லாட்ஜ், பின்னால் 60 மீட்டர் தள்ளி காய் உலர்த்தும் ஸ்டோர். மூன்றுக்கும் இந்த ஒரு ரூட்டர்தான். ஒரு ஃபைபர் லைன், அது போனால் சிம் போட்ட மோடம் ஒன்று. ஃபைபர் போனால் சிம்முக்குத் தானாக மாற வேண்டும். இதற்காகத்தான் காசு கொடுத்தேன், இதில்தான் இது என்னைப் படுத்துகிறது.

வாங்கியபடியே மாட்டினால், பக்கத்தில் இருக்கும் ஃபைபர் மோடத்தோடு தொடர்பு இருக்கிறதா என்பதை மட்டும் இது பார்க்கும். மலையில் மரம் விழுந்து ஃபைபர் அறுந்தாலும் கடைக்குள் மோடம் கரண்டில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ரூட்டரும் லைன் நன்றாக இருப்பதாக நம்பி, எல்லாவற்றையும் அந்தப் பக்கமே தள்ளும்.

முதல் மழைக்காலத்தில் ஒரு நாள் போடிக்குப் போக வேண்டிய சரக்கு ஜீப்பில் ஏறிவிட்டது. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநிலம் தாண்டினால் இ-வே பில் வேண்டும், ஜிஎஸ்டிக்காக ஆன்லைனில் எடுக்கிற சரக்குச் சீட்டு அது. இன்றைய விலைக்கு ஏலக்காயில் 50 கிலோ மூட்டை ஒன்றே அந்தக் கணக்கைத் தாண்டிவிடும். பில் பக்கம் திறக்கவே இல்லை. டிரைவர் நனைந்துகொண்டே இரண்டு தடவை வந்து, "அண்ணே, பில் ஆச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார். ரூட்டரின் திரையில் இரண்டு லைனும் பச்சை. கடைசியில் ஃபைபர் மோடத்திலிருந்து ரூட்டருக்கு வரும் கேபிளைக் கையால் பிடுங்கினேன். ஒரு நிமிடத்துக்குள் பில் கைக்கு வந்தது.

அப்புறம்தான் செட்டிங்கில் தேடி, வெளியே உள்ள ஒரு முகவரிக்குப் பிங் (இருக்கிறாயா என்று கேட்கும் சின்னச் செய்தி) அனுப்பிப் பார்க்கும்படி மாற்றினேன். கூகுளின் 8.8.8.8 கொடுத்தேன். அறுந்த லைனை இப்போது கண்டுபிடித்துவிடும். ஆனால் முகவரி போட ஒரே ஒரு கட்டம்தான் வைத்திருக்கிறார்கள். அந்த ஒரு முகவரி ஏதோ காரணத்தால் பதில் சொல்லாவிட்டால், நன்றாக ஓடும் ஃபைபரையும் வெட்டிவிடும். இரண்டு முகவரி கொடுத்து, இரண்டுமே பேசாவிட்டால் மட்டும் மாறு என்று சொல்ல முடிந்தால் போதும்.

இதைவிட மோசம், திரும்பி வருகிற அவசரம். மழை நேரத்தில் ஃபைபர் இரண்டு நிமிடம் வரும், மறுபடி போகும். வந்த உடனே இது ஃபைபருக்குத் தாவும். ஒவ்வொரு தாவலிலும் வெளி ஐபி, அதாவது இணையத்தில் நம் லைனின் முகவரி, மாறுவதால், பாதி நிரப்பிய பக்கம் மறுபடி லாகின் கேட்கும். ஐந்து நிமிடம் நிலையாக இருந்தால் மட்டும் திரும்பு என்று சொல்ல இதில் இடமே இல்லை. நிறுவனத்துக்கு இரண்டு முறை எழுதினேன், மரியாதையாகப் பதில் வந்தது. அதன் பிறகு மூன்று புது ஃபர்ம்வேர் (ரூட்டருக்குள் ஓடும் மென்பொருள்) வந்துவிட்டது, அந்தக் குறை அப்படியேதான் இருக்கிறது.

இதற்கு நான் செய்துகொண்ட வழி: பில் போடும் கம்ப்யூட்டருக்கு மட்டும் ஒரு நிலையான ஐபி ஒதுக்கி, அது எப்போதும் சிம் லைனில்தான் போக வேண்டும் என்று விதி எழுதினேன். பில் வேலைக்கு டேட்டா ரொம்பக் கொஞ்சம்தான் ஆகும். கேமரா, லாட்ஜ் எல்லாம் ஃபைபரில் எப்படியோ தாவிக்கொள்ளட்டும். அதற்குப் பிறகு பில்லுக்காக ஒரு ஜீப்பும் வாசலில் காத்து நின்றதில்லை.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். கடை, கேமரா, லாட்ஜ் மூன்றையும் தனித்தனி விலேனாக (ஒரே ரூட்டருக்குள் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்) பிரித்தது ஒரே சாயங்கால வேலை. லாட்ஜில் இருப்பவர் போனிலிருந்து கடைக் கம்ப்யூட்டரைப் பார்க்க முடியாது. சபரிமலை சீசனில், வைஃபை பிடிக்கிறது, நெட் வரவில்லை என்று சாமிமார்கள் கீழே இறங்கி வந்தபோது, காரணத்தைப் பத்து நிமிடத்தில் இதன் பதிவிலேயே கண்டுபிடித்தேன். லாட்ஜுக்கு 100 ஐபி ஒதுக்கியிருந்தேன், ஒவ்வொன்றும் 24 மணி நேரக் கெடு. அறைக்கு ஐந்து பேர் என்றால் 60 போன். காலையில் அவர்கள் பம்பைக்குப் போன பிறகும் அந்த 60 ஐபியும் அவர்கள் பேரிலேயே இருக்கும், அடுத்து வரும் 60 பேருக்குப் போதாது. கெடுவை 2 மணி நேரமாகக் குறைத்தேன், அதோடு தீர்ந்தது.

இடி விஷயத்தில் ரூட்டரைக் குறை சொல்ல மாட்டேன். ஃபைபர் கண்ணாடி, அதன் வழியே மின்சாரம் வராது. ஸ்டோர் கேமராவுக்கு வெளியில் இழுத்திருந்தேனே, அந்தச் செம்புக் கேபிள் வழியாகத்தான் வந்தது. அந்தக் கேபிள் சொருகியிருந்த போர்ட்டைச் சுற்றி மட்டும் பிளாஸ்டிக் பழுப்பாக உருகியிருந்தது. இப்போது அந்த 60 மீட்டருக்கும் ஃபைபர் இழுத்து, இரண்டு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரையும் செம்புக் கேபிளையும் இணைக்கும் சின்னப் பெட்டி) வைத்துவிட்டேன். வெளியில் கேபிள் இழுத்திருக்கிற எல்லோரும் இதைச் செய்துவிடுங்கள்.

புதுப் பெட்டியில் பழைய பேக்கப் ஃபைலைப் போட்டால் ஏற்கவில்லை, ஃபர்ம்வேர் பழசு. போன் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைத்துப் புது ஃபர்ம்வேரை இறக்கி ஏற்றின பிறகு, ஃபைலை வாங்கிக்கொண்டது. நான்கு வருடமாக எழுதிய விதி, ஐபி, விலேன் எல்லாம் அரை மணியில் அப்படியே திரும்பி வந்தது. கார்த்திகை பிறக்க இரண்டு வாரம்தான் இருந்தது. அந்த அரை மணிக்காகத்தான் இதையே மறுபடி வாங்கினேன்.

ஆனால் மாப்ள, நீ வாங்காதே. உனக்கு லாட்ஜும் இல்லை, விலேனும் வேண்டாம். லைன் போனால் மாற வேண்டும், அது ஒன்றுதான் தேவை. அந்த ஒன்றைத்தான் இது சரியாகச் செய்வதில்லை. எந்த ரூட்டரைப் பார்த்தாலும் செட்டிங் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல். பிங் முகவரிக்கு இரண்டு கட்டமும், திரும்பி வருவதற்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று போட ஒரு இடமும் இருந்தால் பணத்தைக் கொடு. ஞாயிற்றுக்கிழமை நான் கம்பம் இறங்குகிறேன், அதற்குள் வாங்கிவிடாதே.