பூம்புகார் கடலோரமா, வீராணம் ஏரிக்கரையா, கொள்ளிடத்துப் பழைய மணல் குவாரியா?

டெல்டாவில் ஒரு நாள் முழுக்க நடக்க எங்கே போகலாம் என்று கேட்டால் யோசிக்காமல் பூம்புகார் என்று சொல்லிவிடுவார்கள். மலை கிடையாது, பெரிய காடும் கிடையாது, அப்போ கடல்தானே என்பது கணக்கு. எனக்கு அதில் பாதி சம்மதம்தான். நடை நமக்குப் புதிதும் இல்லை. ஆவணியில் காவி கட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்குப் போகிற கூட்டத்தை வருஷா வருஷம் பார்க்கிறோம், 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்ததும் இந்த வயல்களுக்கு நடுவேதான். ஆனால் அவர்களுக்கெல்லாம் போய்ச் சேர வேண்டிய இடம் ஒன்று இருந்தது. வழியைப் பார்ப்பதற்காகவே நடக்கிறவர்களுக்கு எது தோதுப்படும் என்பதுதான் இங்கே பேச்சு. மூன்றை எடுத்துக்கொள்கிறேன்: பூம்புகாரிலிருந்து தரங்கம்பாடி வரை கடலோரம், வீராணம் ஏரிக்கரை, அணைக்கரைக்குக் கிழக்கே கொள்ளிடத்தில் மணல் அள்ளி முடித்துக் கைவிட்ட பகுதி. என் ஓட்டு மூன்றாவதுக்கு.

கடலோரம் நேராக அளந்தால் 13 கிலோமீட்டர் சொச்சம். கால் அந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளாது. காய்ந்த மணலில் வைத்த அடி பாதி பின்னுக்கு வரும், சரி என்று ஈர மணலுக்கு இறங்கினால் கரை சரிந்து கிடப்பதால் எந்நேரமும் ஒரு கால் மேலேயும் ஒரு கால் கீழேயுமாகப் போய், மத்தியானத்துக்குள் கணுக்கால் முனக ஆரம்பித்துவிடும். வானகிரி, சின்னங்குடி என்று மீனவ ஊர்கள் இடையிடையே இருப்பதால் தண்ணீருக்கும் டீக்கும் கவலையில்லை. அலை அரிக்காமல் இருக்கக் கருங்கல் கொட்டிய இடங்களில் நடக்க மணலே இருக்காது. அங்கே கல் மேல் தாவி வித்தை காட்டாமல் ஊருக்குள் நுழைந்து தெரு வழியாகச் சுற்றிப் போய்விடுங்கள். முகத்துவாரங்களும் அப்படித்தான், கோடையில் மணல் அடைத்துக் கிடக்கும், ஐப்பசி கார்த்திகையில் உடைத்துக்கொண்டு ஓடும். வலை பிரித்துக்கொண்டிருக்கும் யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்காமல் இறங்கக் கூடாது.

போவதானால் தை, மாசி. பங்குனி ஆமை என்று சொல்கிற கடலாமைகள் முட்டையிட ஏறி வரும் காலம் அது, விடியலில் போனால் துடுப்புத் தடம் மணலில் அப்படியே இருக்கும், அதை மிதிக்காமல் தள்ளி நடக்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் ஓய்ந்து நிற்பதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அந்த வெயிலில் நடக்கச் சொல்ல எனக்கு மனசு வராது. தரங்கம்பாடியில் முடிப்பதுதான் நல்லது. 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை ஒரு பக்கம், கடல் தின்றது போக மிச்சமிருக்கும் மாசிலாமணிநாதர் கோயில் ஒரு பக்கம். அங்கே ஓசோன் காற்று அதிகம், உடம்புக்கு நல்லது என்று ஒரு பேச்சு உண்டு. ஓசோனை மூச்சில் இழுப்பது நுரையீரலுக்குக் கெடுதல். கடல் காற்று நன்றாக இருக்கிறது, அதற்கு மேல் விளம்பரம் எதற்கு?

வீராணத்தை வேகமாகச் சொல்லிவிடலாம். முதலாம் பராந்தகன் காலத்து ஏரி, நிறைந்தால் நீர்மட்டம் 47.5 அடி, 2004 முதல் சென்னைக்கும் இங்கிருந்து குடிநீர் போகிறது. ஒரு பக்கம் கண்ணுக்கெட்டிய வரை தண்ணீர், இன்னொரு பக்கம் அந்தத் தண்ணீரைவிடத் தாழ்வாக வயல், நடுவில் மதகு, இதைப் பார்க்கும்போது வெட்டினவர்கள் மேல் மரியாதை தானாக வரும். குறை என்னவென்றால் காட்டுமன்னார்கோயில் - சேத்தியாத்தோப்பு சாலையே ஏரிக்கரை மேல்தான் போகிறது. பஸ்ஸும் டிராக்டரும் ஹாரன் அடித்துக்கொண்டு உரசிப் போகிற இடத்தில் எதை ரசிப்பது? லால்பேட்டையில் இறங்கி, வெயில் ஏறுவதற்குள் ஒரு மணி நேரம் வடக்கே நடந்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஏரிதான் வேண்டும், கூடக் குழந்தைகளும் பெரியவர்களும் வருகிறார்கள் என்றால் வடுவூர் மேல். தஞ்சாவூர் - மன்னார்குடி சாலையில் இருக்கிறது, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்த பறவைகள் சரணாலயம், கார்த்திகைக்கு மேல் போனால் பறவைக்குப் பஞ்சமில்லை. நடை தூரம் கம்மிதான்.

இப்போது கொள்ளிடம். அணைக்கரையில் இறங்கினால் முதலில் 1836ஐ ஒட்டி ஆர்தர் காட்டன் காலத்தில் கட்டிய கீழணை. அதைப் பார்த்துவிட்டுத் தென்கரையில் கிழக்கே, மணல்மேடு என்ற ஊர் இருக்கும் திசையில் நடக்க வேண்டும். மண் கரை உயரமாக, காலுக்குக் கெட்டியாக இருக்கும், அங்கங்கே மர நிழல், கரைக்கும் ஆற்றுக்கும் நடுவில் படுகை நிலத்தில் வாழையும் கரும்பும். மூன்று வழிகளில் காலுக்கு நல்ல தரை இதுதான், நான் இதைத் தூக்கிப் பிடிப்பதற்கு முதல் காரணமும் அதுதான்.

இரண்டாவது காரணம் ஆற்றுக்குள் இருக்கிறது. குவாரி நடந்த இடத்தைத் தேட வேண்டியதில்லை, கரையிலிருந்து லாரி இறங்கிய தடம் இன்னும் சரிவாகக் கிடக்கும், அதன் இரண்டு பக்கமும் சீமைக்கருவேல். கீழே பார்த்தால் ஆறு என்று நாம் நினைக்கிற வெள்ளை மணல் கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் களிமண் தெரிகிற திட்டும், நாணலும், பச்சையாகத் தேங்கிய பள்ளமும். எவ்வளவு போனது என்று தெரிய அளவுகோல் வேண்டாம், பாலத்துத் தூணையோ கூட்டுக் குடிநீர்க் கிணற்றையோ பார்த்தால் போதும். மணலுக்குள் புதைந்திருக்க வேண்டிய அடிப்பாகம் சில இடங்களில் வெளியே நிற்கிறது, மேலே வெயில் பட்டு வெளுத்த சிமென்ட், ஒரு கோட்டுக்குக் கீழே வேறு நிறம். அந்தக் கோடு வரைக்கும் ஒரு காலத்தில் மணல் இருந்தது. தமிழ்நாட்டில் 2003 முதல் மணல் குவாரியை அரசே நடத்துகிறது, அதனால் யார் அள்ளினார்கள் என்ற சண்டை ஊருக்கு ஊர் வேறு மாதிரி ஓடும். டீக்கடையில் கேட்டுப் பாருங்கள், பொழுது போவதே தெரியாது.

அழகு என்று பார்த்தால் கடலோரத்துக்கு முன்னால் இது நிற்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மற்ற இரண்டு இடங்களும் இங்கிருந்துதான் விளங்குகின்றன. வீராணத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் வடவாறு பிரிவது இந்தக் கீழணையில். கடலோரத்தில் கல் கொட்ட வேண்டி வந்ததற்கும் ஆற்று மணல் கடல் வரை போய்ச் சேராததற்கும் சம்பந்தம் உண்டு. 1934இல் மேட்டூர் அணை வந்ததிலிருந்தே மேலிருந்து வரும் வண்டல் குறைந்துவிட்டது, குவாரி அதன் மேல் ஏறிய சுமை.

ஆபத்தும் இங்கேதான் அதிகம், அதை மறைத்துச் சொல்ல முடியாது. மணல் எடுத்த பள்ளத்தில் தண்ணீர் தேங்கினால் மேலே பார்க்க முழங்கால் ஆழம் மாதிரி இருக்கும், ஓரம் செங்குத்தாக இறங்கும், நீச்சல் தெரிந்தவர்களையே வாங்கியிருக்கிறது. அப்புறம் முதலை. கொள்ளிடத்தில் முதலை உண்டு, கதை இல்லை, அணைக்கரைப் பக்கம் எச்சரிக்கைப் பலகையே வைத்திருக்கிறார்கள். ஆகவே நடை கரை மேல் மட்டும். கால் நனைக்க, படம் பிடிக்க, முகம் கழுவ என்று எந்தச் சாக்கிலும் தண்ணீரோரம் போக வேண்டாம். பெண்கள் தனியாகப் போவதானால் நான் கொள்ளிடத்தைச் சொல்ல மாட்டேன், ஆள் நடமாட்டம் இல்லாத நீளமான இடங்கள் இருக்கின்றன, கடலோரத்தில் அந்தப் பயம் குறைவு. சாப்பாட்டுக்குக் கவலை இல்லை, அணைக்கரையில் மீன் வறுவல் கடைகள் இருக்கின்றன. ஆனால் கிளம்பின பிறகு கரையில் கடை கிடைக்கும் என்று நம்பாமல் தண்ணீரைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பி வர, தெற்கே ஏதாவது ஓர் ஊருக்குள் இறங்கினால் பஸ் சாலை வந்துவிடும்.

கொள்ளிடத்துக்கு மாசி, பங்குனிதான் சரி. ஆடி, ஆவணியில் மேட்டூர் நிரம்பினால் திருச்சிக்கு மேற்கே காவிரியும் கொள்ளிடமும் பிரிகிற முக்கொம்பிலிருந்து உபரி நீர் முழுக்க இந்தப் பக்கம்தான் திரும்பும், அப்போது படுகை வரை தண்ணீர் ஏறும். அந்த நாட்களில் கிளம்புவதற்கு முன் கொள்ளிடத்தில் எத்தனை கனஅடி திறந்திருக்கிறார்கள் என்று காலைப் பேப்பரில் பார்த்துக்கொள்ளுங்கள், ஆயிரங்களில் இருந்தால் அன்றைக்குத் தரங்கம்பாடிக்கே பஸ் ஏறிவிடலாம்.