மலையேறும் வேனுக்கு எது: 5 கிலோ சிலிண்டரா, பியூட்டேன் கேனா?

வேலூரிலிருந்து ஏலகிரிக்கும் ஜவ்வாது மலைக்கும் மட்டும் வேனில் போய் வருகிறவர்கள், வேனில் சமைக்க எந்த எரிவாயு என்று தலையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஏலகிரி சுமார் 1,100 மீட்டர் உயரம்தான். ஊரில் எரிகிற அடுப்பு அங்கும் பெரிய வித்தியாசமில்லாமல் எரியும். லடாக் போவதென்று முடிவானபோதுதான் எங்கள் வீட்டில் இந்தப் பேச்சே எழுந்தது. 5 கிலோ சிலிண்டரைத் தேர்ந்தெடுத்தோம். இன்றும் அதையே சொல்வேன்.

பியூட்டேன் வாயு அடைத்த சிறிய தகரக் குப்பிதான் கேன். அதன் வசதிகள் பார்த்தவுடனே தெரிபவை. எடை குறைவு, ரப்பர் குழாய் வேண்டாம், அடுப்பைத் தூக்கிக்கொண்டு எந்தப் பாறை மேலும் உட்காரலாம்.

சுடரைப் பொறுத்தவரை உயரம் இரண்டையும் ஒன்றுபோலவே வாட்டுகிறது. சுமார் 3,500 மீட்டரில் இருக்கும் லே நகரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். சுடர் தணிந்துவிடும். 2,000 அடிக்கு மேல் போனால், ஒவ்வொரு 1,000 அடிக்கும் அடுப்பு தரும் வெப்பத்தை 4 விழுக்காடு குறைத்துக் கணக்கிடுவது அமெரிக்க எரிவாயு விதி. தண்ணீரும் அங்கே 88 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் பருப்பு எளிதில் வேகாது. ஆம்பூர்ப் பக்குவத்தில் சீரக சம்பா பிரியாணி செய்யும் ஆசை இருந்தால் குக்கரை மறக்காதீர்கள்.

அடுத்தது குளிர். பியூட்டேன் கடல்மட்டத்தில் மைனஸ் 0.5 டிகிரியில் கொதித்து வாயுவாகும். லேயில் அழுத்தம் குறைவு என்பதால் அந்த அளவு ஏறத்தாழ மைனஸ் 12 வரை இறங்கும். ஆக, உயரம் பியூட்டேனுக்குச் சற்று உதவவே செய்கிறது. அதை முடக்குவது குளிர்தான். அமெரிக்காவில் வீடுபோல் தங்கிப் பயணிக்கும் வண்டிகளில் நிரப்பும் புரொப்பேன் வாயு மைனஸ் 42 வரை தாங்கும். நம் சிலிண்டரில் இருப்பதோ இரண்டும் கலந்த எரிவாயு. கடுங்குளிரில் புரொப்பேன் முந்திக்கொண்டு வெளியேறும், பியூட்டேன் அடியில் தங்கிவிடும். சிலிண்டர் கனமாக இருந்தும் அடுப்பு சோர்ந்து எரிவது இதனால்தான். ஆனாலும் வெறும் பியூட்டேன் கேனைவிட இந்தக் கலவை மேல்.

என் முடிவைத் தீர்மானித்தது மீண்டும் நிரப்பும் வசதி. இணைப்பு இல்லாமலே வாங்கக்கூடிய 5 கிலோ சிலிண்டர் பல பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கிறது. இந்தியன் ஆயிலில் அதன் பெயர் சோட்டு. அடையாள அட்டை போதும், முகவரிச் சான்று கேட்பதில்லை. காலியானால் வழியில் மாற்றிக்கொள்ளலாம். வீட்டு சிலிண்டரைவிடக் கிலோவுக்கு விலை கூடுதல்தான், ஆனால் நடு வழியில் சோறு பொங்குவது நின்றுபோகாது. கேன் அப்படியல்ல. புறப்படுமுன்பே பயணம் முழுவதற்கும் கணக்குப் போட்டு வாங்கி அடுக்க வேண்டும். பெரிய சிலிண்டரிலிருந்து கேனில் நிரப்பிக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வதைத் தயவுசெய்து கேட்காதீர்கள். ஒருமுறை பயன்பாட்டுக்கான மெல்லிய தகரம் அது. காலிக் கேன்களை மலையிலிருந்து கீழே கொண்டுவரும் பொறுப்பும் நம்முடையதுதான்.

வேலூர்க்காரர்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. 50 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்று கேனிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். மே மாத வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய வேன் அந்தச் சூட்டை எளிதில் தாண்டிவிடும். புறப்படும் நாள்வரை கேன்களை வண்டியில் வைக்கவே கூடாது.

லித்தியம் பேட்டரியில் ஓடும் இண்டக்‌ஷன் அடுப்புக்கு உயரம் ஒரு பொருட்டல்ல. ஆனால் 12 வோல்ட், 200 ஆம்பியர்-மணி பேட்டரியில் 1,500 வாட் அடுப்பை அரை மணி நேரம் ஓட்டினால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தீர்ந்துவிடும். பூஜ்ஜியத்துக்குக் கீழே அந்தப் பேட்டரியைச் சார்ஜ் செய்யவும் கூடாது. நண்பர் வண்டியில் பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன். எங்கள் சிலிண்டர் அனுபவமும் கோடைகால லடாக்கோடு சரி. ஜனவரிக் குளிருக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

சிலிண்டர் வைக்கும் பெட்டியின் அடிப்பக்கத்தில் வெளியே திறக்கும் துளை அவசியம். இந்த வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். சிலிண்டரை அடுப்போடு இணைக்கும் சுரக்ஷா ரப்பர் குழாயை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். எவ்வளவு குளிரடித்தாலும், மூடிய வேனுக்குள் கதகதப்புக்காக அடுப்பை எரியவிட்டுத் தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு வாசனை காட்டாமல் உயிரை எடுத்துவிடும்.