மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் ஒரு பெட்டி: நிலாவெளி வீதியில் சில வருட ஓட்டம்

பஜாஜ் சிடி100 மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் இரண்டு சக்கரப் பெட்டி ஒன்றைக் கொழுவிக்கொண்டு திருகோணமலை–நிலாவெளி வீதியில் சில வருடங்களாக ஓடுகிறேன். ஏற்றுவது பெரும்பாலும் துணி. வீட்டில் சலவை வேலை. உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விருந்தினர் விடுதிகளின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துவாய் எல்லாம் எங்களிடம்தான் வரும். பெட்டியைப் பார்ப்பவர்கள் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணே, இதில எத்தனை கிலோ ஏத்தலாம்?" என்னைக் கேட்டால் கிலோவை விட்டுவிட்டு, சாமான் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று கேட்கவேண்டும். பாரம் குறைந்து பருமன் கூடிய சாமானுக்கு இந்தப் பெட்டி தங்கம். சீமெந்துக்கும் நெல் மூட்டைக்கும் சரிவராது.

2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் வந்த யோசனை இது. அதுவரை துணி ஓட்டோவில்தான் போய் வந்தது. கியூஆர் குறியீட்டைக் காட்டிப் பங்கீட்டு அளவில் பெற்றோல் அடிக்கும் முறை தொடங்கியபோது முச்சக்கர வண்டிக்கு வாரம் 5 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர். அந்த ஐந்து லீற்றரை எங்கள் துணிமூட்டைக்குத் தா என்று எந்த ஓட்டோக்காரரிடம் கேட்பது? மோட்டார் சைக்கிளிலோ நாலு லீற்றருக்கு 200 கிலோமீற்றருக்கு மேல் ஓடலாம். மூட்டையைப் பின் சீற்றில் கட்டினால் ஆள் உயரத்துக்கு நிற்கிறது, வளைவில் சரிகிறது. அப்புறம்தான் பெட்டி.

செய்தது ஒரு வெல்டிங் கடையில். பொக்ஸ் பார் (உள்ளே வெறுமையான சதுர இரும்புக் குழாய்) சட்டம், தகர அடிப்பாகம், ஸ்கூட்டரின் பத்து அங்குலச் சக்கரம் இரண்டு. அகலத்துக்கு ஒரே விதி வைத்தோம்: ஹாண்டிலை விடப் பெட்டி அகலமாக இருக்கக்கூடாது. ஹாண்டில் நுழையும் இடத்தில் பெட்டியும் நுழையும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். நேர்ப்பாதையில் மட்டும். திருப்பத்தில் பெட்டி சைக்கிளை விட உள்வாங்கித் திரும்பும், அதனால் மூலைகளில் கொஞ்சம் விலகி எடுக்கவேண்டும்.

காசை மிச்சம் பிடிக்கக்கூடாத இடம், பெட்டியைச் சைக்கிளோடு இணைக்கும் கொழுவி. ட்ராக்டர் பெட்டியின் கொழுவியைச் சின்னதாகச் செய்தால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். ட்ராக்டர் சரிந்து திரும்புவதில்லை, மோட்டார் சைக்கிள் சரியும். ஆகவே கொழுவிக்கு மூன்று அசைவு வேண்டும்: இடம் வலம் திரும்ப, பள்ளம் மேட்டில் ஏறி இறங்க, சைக்கிள் சரியும்போது பெட்டி நேராகவே நிற்க. யுனிவர்சல் ஜொயின்ட் ஒன்றைப் போட்டால் முதல் இரண்டும் கிடைக்கும். மூன்றாவதற்கு, இழுவைத் தண்டில் குழாய்க்குள் குழாய் சுழலும்படி ஒரு அமைப்பு தனியாக வேண்டும். அது இல்லாவிட்டால் சைக்கிள் சரியச் சரியப் பெட்டி அதை நிமிர்த்தப் பார்க்கும். வளைவின் நடுவில் அப்படி நடந்தால் நேரே எதிர்ப்பக்கத்துக்குத்தான் போகவேண்டும்.

இன்னொன்று, கொழுவியைப் பின் கரியரில் பூட்டவேண்டாம். கரியர் மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கச் செய்தது, பின்னாலிருந்து இழுபட அல்ல. என் சைக்கிளில் பின் ஷொக் அப்சோபரின் மேல் போல்ட்டிலிருந்தும் பின் மிதி பூட்டும் இடத்திலிருந்தும் இரும்பு இறக்கி, கொழுவியைப் பின்சக்கர அச்சின் உயரத்துக்குக் கொண்டுவந்தார்கள். கொழுவி உயரமாக இருந்தால் பிரேக் பிடிக்கும்போது பெட்டி சைக்கிளின் பின்பக்கத்தைத் தள்ளித் தூக்கும். பாதுகாப்புக்கு இரண்டு சங்கிலி, கொழுவியின் கீழே ஒன்றுக்கொன்று குறுக்காக. கொழுவி கழன்றாலும் தண்டு வீதியில் குத்தாமல் அந்தச் சங்கிலி ஏந்திக்கொள்ளும்.

ஏற்றும்போது பாரம் பெட்டியின் அச்சுக்குச் சற்று முன்னால் இருக்கவேண்டும். மொத்தப் பாரத்தில் பத்திலொரு பங்கு முதல் 15 வீதம் வரை கொழுவியில் விழுந்தால் நல்லது. தண்டின் நுனியை ஒரு தராசில் வைத்தால் தெரிந்துவிடும். பின்னால் பாரம் கூடினால் வேகத்தில் பெட்டி வாலாட்டத் தொடங்கும். அப்போது பிரேக்கை அமுக்காமல் அக்சிலரேட்டரை மெல்ல விட்டால் அடங்கும். நான் மணிக்கு 40 கிலோமீற்றரைத் தாண்டுவதில்லை.

சரி, காற்றுக்கு வருவோம். விடுதிகளில் கூட்டம் உள்ள மாதங்களும் கச்சான் காற்று வீசும் மாதங்களும் இங்கே ஒன்றுதான். கச்சான் தென்மேற்கிலிருந்து வரும், நிலாவெளி வீதி கடற்கரையோடு வடமேற்காகப் போகும். ஆகவே காற்று வீதிக்குக் குறுக்கே. போகும்போது இடப்பக்கத்தால் அடித்து வீதியின் நடுவுக்குத் தள்ளும், அங்கே எதிரே பஸ் வரும். திரும்பும்போது வலப்பக்கத்தால் அடித்து ஓரத்து மணலுக்குத் தள்ளும். ஊருக்குள் வீடும் மதிலும் மறைப்பதால் ஒன்றும் தெரியாது. சாம்பல்தீவுப் பாலத்தில் ஏறியதும் யாரோ பெட்டியைப் பிடித்து உலுப்புவது போல இருக்கும். அதற்கப்பால் குச்சவெளிப் பக்கம் போவதென்றால் இறக்கக்கண்டிப் பாலத்தில் இதைவிட மோசம்.

இதில் வேடிக்கை, சுத்தமான துணியோடு போகும்போதுதான் கஷ்டம் அதிகம். காய்ந்து மடித்த துணி பாரமில்லை, ஆனால் பெட்டி நிறைந்து மேலே எழும்பி நிற்கும். அழுக்குத் துணி ஈரத் துவாய்களோடு அமுங்கிக் கிடக்கும், பெட்டி வீதியை விட்டு அசையாது. அதனால் மேலே தறப்பாளை இழுத்துக் கட்டுவதில்தான் என் கவனம் முழுவதும். தளர்வாகக் கட்டினால் காற்று உள்ளே போய்ப் பாய்மரம் ஆகிவிடும். கயிற்றை விட டியூப் வார் (பழைய டயர் டியூப்பில் வெட்டிய ரப்பர் பட்டி) மேல். துணி அமுங்க அமுங்க அதுவும் சுருங்கி இறுக்கம் குறையாமல் பிடிக்கும். பெட்டியின் பக்கங்களையும் தகரம் அடித்து மூடாமல் கம்பிவலையாக விட்டிருக்கிறோம். வெறும் பெட்டியாகத் திரும்பும் நாளில் அதன் அருமை தெரியும்.

நிறுத்துவது தனிக் கதை. சிடி100க்கு முன்னும் பின்னும் டிரம் பிரேக். சைக்கிளே சுமார் 110 கிலோதான், பெட்டியும் சாமானும் சேர்ந்து அதன் அரைவாசிக்கு மேல் பாரம் இருந்தால் நான் எடுப்பதில்லை. நகரத்தின் மேட்டுப் பகுதியான உவர்மலைக்கு ஏறுவதில் பிரச்சினை இல்லை, இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு ஏறிவிடும். இறங்கும்போது பின்னால் ஒருவர் தள்ளிக்கொண்டே வருவார். கியரைக் குறைத்து, பிரேக்கை நேர்ப்பாதையிலேயே பிடித்து முடித்துவிட்டு வளைவை எடுக்கவேண்டும். நகரத்துக்குள் புள்ளிமான், வெளியே மாடு. இரவில் சூட்டுக்காகத் தாரில் படுத்திருக்கும் மாட்டைத் தனிச் சைக்கிள் என்றால் சட்டென்று விலத்திப் போய்விடலாம். பெட்டியோடு முடியாது. குழியும் அப்படித்தான். சைக்கிள் ஒரு தடம், பெட்டி இரண்டு தடம். நீங்கள் விலத்திய குழியில் பெட்டியின் ஒரு சக்கரம் சரியாகப் போய் இறங்கும்.

கடற்கரைப் பக்கத்து மணல் ஒழுங்கைகளுக்குள் நான் கொண்டுபோவதே இல்லை. சின்னச் சக்கரம் புதையும், பின்வாங்கவும் வழியில்லை. ஒழுங்கை முகப்பில் கழற்றி நிறுத்திவிட்டு மூட்டையைத் தோளில் போடுவது விரைவு.

செலவு என்று பார்த்தால், ஒரு சீசன் ஓட்டோக் கூலியில் பெட்டிக் காசு வந்துவிட்டது. லீற்றருக்கு 60 கிலோமீற்றருக்கு மேல் ஓடிய சைக்கிள் இப்போது 45 அளவில். செயினும் ஸ்ப்ரொக்கெட்டும் கிளச் பிளேட்டும் முன்னையை விட வேளைக்கே தேயும். ஆனால் பெட்டியை உண்மையில் தின்பது உப்புக்காற்று. பொக்ஸ் பாருக்குள் தேங்கும் தண்ணீர் உள்ளிருந்து துருவேற்றும், அடியில் துளை போட்டு வடியவிடுங்கள். கழுவுவது நல்ல தண்ணீரில். சின்னச் சக்கரம் அதே தூரத்துக்குப் பெரிய சக்கரத்தை விட அதிகம் சுற்றுவதால் பெயாரிங்குக்கு அடிக்கடி கிரீஸ் வேண்டும். ஓடி வந்து நிறுத்தியதும் சக்கரங்களின் நடுவில் கையை வைத்துப் பாருங்கள், ஒரு பக்கம் மட்டும் சுட்டால் அந்தப் பெயாரிங் போகப்போகிறது.

பிரேக் லைட்டும் சிக்னலும் பெட்டியின் பின்னால் கட்டாயம் வேண்டும், சைக்கிளின் லைட்டைத் துணிமூட்டை மறைத்துவிடும். இரும்பு வாங்கப் போகும் முன்பே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதிக்காரரிடமும் பேசுங்கள். சைக்கிளின் காப்புறுதி பெட்டிக்கும் தானாகப் பொருந்தும் என்று எண்ணவேண்டாம்.

அடுத்த சீசனுக்கு முன் 12 அங்குலச் சக்கரம் போட எண்ணம். குழியில் இவ்வளவு இறங்காது, மணலிலும் கொஞ்சம் தாங்கும். ஆனால் பெட்டி உயரும், கச்சானுக்கு இன்னும் வசதி. அச்சை வளைத்துப் பெட்டியை அதே உயரத்தில் தொங்கவிடலாமா என்று கேட்டிருக்கிறேன். வெல்டிங் கடை அண்ணர் "கொண்டு வாரும் தம்பி, பாப்பம்" என்றிருக்கிறார்.