சுழியத்துக்கு இரண்டு பொருள்: கான்ஃப்ஸ்டருடன் ஆறு ஆண்டுகள்

வேறு நிரல்களைத் தொடங்கிவைத்து, அவை முடியும்வரை கண்காணிக்கும் சிறு நிரல் ஒன்றை சி மொழியில் எழுதி ஆறு ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். பயனருடைய சூழல் மாறிகளைப் பிள்ளை நிரல்களுக்குக் கொடுப்பதில்லை என்பது அதன் முதல் விதி. யாரோ தன் பாத் மாறியில், அதாவது கட்டளைகளை எந்த அடைவுகளில் தேடுவது என்று சொல்லும் சூழல் மாறியில், செருகி வைத்த அடைவிலிருந்து வேறொரு 'எல்எஸ்' (கோப்புப் பட்டியல் காட்டும் கட்டளை) ஓடிவிடக் கூடாது அல்லவா? சரி, எல்லாவற்றையும் துடைத்த பிறகு பாத் என்று எதை வைப்பது? அதற்கு, யுனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பொதுத் தரமான பொசிக்ஸ் வைத்திருக்கும் விடைதான் கான்ஃப்ஸ்டர் என்னும் சி செயற்கூறு.

அதன் உடன்பிறப்பான சிஸ்கான்ஃப் அமைப்பு விவரங்களை எண்களாகத் தரும். கான்ஃப்ஸ்டர் சரங்களாகத் தரும். எது வேண்டும் என்னும் பெயர், விடை எழுதப்படும் நினைவிடமான பஃபர், பஃபரின் அளவு ஆகிய மூன்றையும் கொடுக்க வேண்டும். _சிஎஸ்_பாத் என்று கேட்டால், பொசிக்ஸ் வரையறுத்த கருவிகள் எல்லாம் அகப்படும் பாத் வரும். பாஷ் ஷெல்லில் 'கமாண்ட் -பி' என்று எழுதினால் உள்ளே நடப்பதும் இதுதான். சி எழுதாமலே பார்க்க வேண்டுமென்றால் 'கெட்கான்ஃப் பாத்' போதும்.

என் முதல் பதிப்பில் 16 பைட் பஃபர் வைத்திருந்தேன். சோம்பல்தான், வேறு காரணம் இல்லை. லினக்ஸில் வந்த விடை '/பின்:/யுஎஸ்ஆர்/பின்'. ஆங்கில எழுத்தில் 13, இறுதியில் சரம் முடிந்ததைக் காட்டும் நல் பைட் ஒன்று, ஆக 14 பைட். இடம் மிச்சம்! இரண்டு ஆண்டுகள் ஒரு குறையும் இல்லை. பிறகு அதே நிரலை மேக்கில் தொகுத்தேன். அங்கே விடை '/யுஎஸ்ஆர்/பின்:/பின்:/யுஎஸ்ஆர்/எஸ்பின்:/எஸ்பின்'. நல்லையும் சேர்த்தால் 30 பைட். கான்ஃப்ஸ்டர் 15 எழுத்துகளை நகலெடுத்து, நல் வைத்து அழகாக முடித்துக் கொடுத்தது. எங்கே வெட்டுப்பட்டது தெரியுமா? மூன்றாவது அடைவின் முதல் சாய்கோட்டுக்கு அடுத்து. என் பாத்தின் கடைசி உறுப்பு வெறும் '/' ஆகிவிட்டது. அதுவும் முறையான அடைவுதானே, ஒருவரும் புகார் சொல்லவில்லை. '/யுஎஸ்ஆர்/எஸ்பின்' அடைவில் இருக்கும் சிஸ்சிடிஎல் கருவி மட்டும் காணாமல் போனது. அரை நாள் அனுமதிகளைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன்.

தவறு முழுக்க என்னுடையது. வெட்டுப்பட்டது என்று கான்ஃப்ஸ்டர் சொல்லத்தான் செய்தது. திருப்பித் தந்த 30 என்ற எண்ணை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் முதல் முறை சரியாகப் பார்த்திருப்பேனா என்பது ஐயம். பஃபரில் சரம் எழுதும் எஸ்என்பிரின்ட்எஃப் திருப்பும் நீளத்தில் நல் சேராது, இங்கே சேரும். அங்கே எண் பஃபர் அளவுக்குச் சமமானாலே வெட்டு என்று பொருள். இங்கே சமமானால் கச்சிதமாகப் பொருந்திவிட்டது, அளவைத் தாண்டினால்தான் வெட்டு. இரண்டையும் ஒரே கோப்பில் பயன்படுத்துபவர்கள் சோதனை வரியை நகலெடுத்து ஒட்டாமல் இருப்பது நல்லது. இப்போது நான் முதலில் எதையும் சுட்டாத நல் சுட்டியும் சுழிய அளவும் கொடுத்துத் தேவையைக் கேட்டு, மேலாக் மூலம் அவ்வளவு நினைவிடம் பெற்று, இரண்டாம் முறை நிரப்புகிறேன். இரண்டு அழைப்புகளுக்கு நடுவே விடை மாறப்போவதில்லை என்று தெரிந்தும் இரண்டாவது எண்ணையும் சரிபார்க்கிறேன். சூடு கண்ட பூனை.

உண்மையில் எரிச்சலூட்டுவது சுழியம். தெரியாத பெயரைக் கேட்டால் சுழியம் வரும், பிழைக் குறியீட்டை வைத்திருக்கும் எர்நோ மாறி எயின்வால் (தவறான உள்ளீடு) ஆகும். தெரிந்த பெயர்தான், ஆனால் அதற்கு மதிப்பு எதுவும் வரையறுக்கப்படவில்லை என்றாலும் சுழியம்தான். அப்போது எர்நோ தொடப்படாது. ஆகவே அழைப்பதற்கு முன் எர்நோவை நாமே சுழியமாக்கி வைக்காவிட்டால், பழைய பிழையின் எச்சத்தைப் பார்த்துத் தவறான முடிவுக்கு வருவோம். இது போதாதென்று விடை 1 ஆகவும் வரலாம்: மதிப்பு உண்டு, அது வெற்றுச் சரம். லினக்ஸில் பரவலான சி நூலகமான ஜிலிப்சியின் 64 பிட் பதிப்பில், பெருங்கோப்புகளைக் கையாளக் கம்பைலருக்குத் தர வேண்டிய கொடிகளைச் சொல்லும் எல்எஃப்எஸ்_சிஃபிளாக்ஸ் கேட்டால் இந்த 1 கிடைக்கும், ஏனெனில் அங்கே தனிக்கொடி எதுவும் தேவையில்லை.

இன்னொன்று, கான்ஃப்ஸ்டர் தருவது கணினியைச் சோதித்துச் சொல்லும் விடை என்று நான் நெடுநாள் நம்பியிருந்தேன். ஜிலிப்சியில் எஸ்டிரேஸ் கருவியைப் போட்டுப் பார்த்தால் இதற்காக ஒரு சிஸ்டம் கால் (கர்னலிடம் நிரல் வைக்கும் கோரிக்கை) கூட நடப்பதில்லை. நூலகத்தைத் தொகுத்தபோது உள்ளே பதித்த சரத்தை எடுத்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான். அந்த அடைவுகளில் கருவிகள் உண்மையில் இருக்கின்றனவா என்று அது எட்டிப் பார்ப்பதில்லை. நிக்ஸ்ஓஎஸ் போன்ற, '/பின்' அடைவில் 'எஸ்ஹெச்' தவிர வேறெதுவும் வைக்காத அமைப்பில் இதை நம்பி ஏமாறலாம். அதனால் என் நிரலின் அமைப்புக் கோப்பில் பாத்தை எழுதிக் கொடுக்கவும் வழி வைத்தேன்; எழுதாவிட்டால்தான் கான்ஃப்ஸ்டர்.

ஜிலிப்சி பதிப்பைக் கேட்கும் _சிஎஸ்_ஜிஎன்யு_லிப்சி_வெர்ஷன் பயனுள்ளது. பொசிக்ஸில் இல்லாத கூடுதல் பெயர் அது, 'ஜிலிப்சி 2.31' என்பது போல ஒரே வரியில் விடை வரும். முன்பே தொகுத்த எந்தப் பொதியை (வீல்) இறக்குவது என்று முடிவு செய்ய, பைத்தான் பொதிகளை நிறுவும் பிப் கருவியும் இதைத்தான் கேட்கிறது. நான் பதிவுக் கோப்பின் முதல் வரியில் இதை அச்சிட்டு வந்தேன். மசல் என்னும் வேறொரு சி நூலகத்துடன் தொகுத்தபோது கம்பைலர் முணுமுணுக்கவே இல்லை, ஏனெனில் பெயர் அங்கேயும் இருக்கிறது. ஓட்டினால் சுழியமும் எயின்வாலும். பஃபரை அது தொடவில்லை, நானோ தொடக்க மதிப்பு வைக்கவில்லை; பதிவின் முதல் வரியில் குப்பை எழுத்துகள் வந்து விழுந்தன. இப்போது அந்த இடத்தில் 'ஜிலிப்சி அல்ல' என்று அச்சாகிறது.